"யாராவது கூப்பிட்டிருப்பார்கள்"

(பொதுக்காலத்தின் 15-ஆம் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். வாசகங்கள்: இணைச்சட்டம் 30:10-14, கொலோசையர் 1:15-20, லூக்கா 10:25-37)

 

நல்ல சமாரியர் உவமை நமக்குப் புதிதல்ல. மறைக்கல்வி வகுப்பில் அதைப் படமாக வரைந்திருக்கிறோம். பங்குத் திருவிழாவில் நாடகமாக நடித்திருக்கிறோம். நன்றாகத் தெரிந்த கதையில் ஓர் ஆபத்தும் உண்டு. குருவும் லேவியரும் விலகிப் போனார்கள் என்று கேட்டதுமே, அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஒதுக்கிவிட்டு, நாம் நேராகச் சமாரியர் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறோம். உண்மையில் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைச் சென்ற ஆண்டு வேளாங்கண்ணிப் பாதயாத்திரை எங்களுக்குக் காட்டிவிட்டது. எங்கள் பங்குக்குப் பெருமை தராத நிகழ்ச்சிதான். ஆனாலும் அதைச் சொன்னால் வேறொரு ஊரில் வேறோர் உயிர் காப்பாற்றப்படலாம் என்பதால் மறைக்காமல் சொல்கிறோம்.

ஆகஸ்டு மாத இறுதி. கொடியேற்றத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று நாற்பது பேர் காவி உடுத்தி, அன்னையின் சிறு சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பகல் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பதுதான் வழக்கம். அன்று இரவு பத்தரை மணி இருக்கும். செபமாலையில் நான்காம் பத்துமணி சொல்லிக்கொண்டிருந்தோம். எதிரே வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று, சாலையோரம் கொட்டிக் கிடந்த ஜல்லியில் சறுக்கி விழுந்தது. ஓட்டி வந்த இளைஞர் தூக்கி எறியப்பட்டு வாய்க்கால் கரையில் கிடந்தார்.

"மாதாவே!" என்று எல்லாரும் ஓடினோம். ஒருவர் வண்டியை அணைத்தார். ஒருவர் சோடா வாங்க ஓடினார். பெண்கள் அழுதார்கள். வாலிபர்கள் டார்ச் அடித்துக் காட்டினார்கள். அந்த வெளிச்சம் அவர்களுடைய கைப்பேசியிலிருந்து வந்த வெளிச்சம். இரண்டு பேர் வீடியோ எடுத்தார்கள். ஒருவர் ஊரிலிருக்கும் மனைவியைக் கூப்பிட்டு, "எங்க ஆளுங்க யாருக்கும் ஒண்ணுமில்ல, பயப்படாத" என்றார். பங்குத்தந்தை என்ற முறையில் நாமும் அந்த இளைஞர் அருகே மண்டியிட்டுச் செபித்தோம். செபித்தது தவறல்ல. ஆனால் நம்முடைய பையிலும் ஒரு கைப்பேசி இருந்தது.

அப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி கேட்டாள்: "ஃபாதர், 108-க்குச் சொல்லியாச்சா?" ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "யாராவது கூப்பிட்டிருப்பாங்க பாப்பா" என்றார் ஒரு பெரியவர். யார் கூப்பிட்டது? நாற்பது பேரில் ஒருவரும் கூப்பிடவில்லை. அதற்குள் ஏறத்தாழக் கால் மணி நேரம் ஓடிவிட்டது.

அந்தச் சிறுமியே கூப்பிட்டாள். மறுமுனையில் கேட்ட முதல் கேள்வி: "எந்த இடம்?" அவள் "வேளாங்கண்ணி ரோடு" என்றாள். "எந்த ஊர் பக்கம்?" அதற்குப் பதில் அங்கு யாருக்கும் தெரியவில்லை. அன்று கடந்து வந்த ஊர்களின் பெயரை எங்களில் ஒருவரும் கவனித்திருக்கவில்லை. நல்லவேளையாக, டீக்கடையைச் சாத்திக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடிவந்து போனை வாங்கி, ஊர்ப் பெயரையும், எந்தப் பெட்ரோல் பங்கைத் தாண்டி, எந்தப் பாலத்துக்கு முன்னால் என்பதையும் நாலே வார்த்தையில் சொன்னார். அதன் பிறகு ஆம்புலன்ஸ் வர அதிக நேரமாகவில்லை. அது வருவதற்குள் அந்த இளைஞரின் சட்டைப் பையில் போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று எழுதியிருந்தது.

அவர் பிழைத்துக்கொண்டார். கொத்தனார் வேலை பார்த்தவர். இன்று ஒரு காலை ஊன்றி நடக்க முடியவில்லை. அந்தக் கால் மணி நேரம்தான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் அவருடைய தாய் எங்கள் ஊரைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பங்கு இல்லத்துக்கு வந்தார். அவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். "நீங்க நாப்பது பேரும் பக்கத்துல இருந்ததாலதான் சாமி எம்புள்ள பொழச்சான்" என்று கும்பிட்டார். எங்களால் தலை நிமிர்ந்து அவரைப் பார்க்க முடியவில்லை.

அன்பார்ந்தவர்களே, அந்த நாற்பது பேரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். பின் ஏன் இப்படி நடந்தது? 1968-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்கள் தனித்தனி அறைகளில் இருந்து ஒலிக்கருவி வழியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் வலிப்பு வந்து திணறுவதுபோன்ற குரல் கேட்கிறது. அதைத் தான் ஒருவர்தாம் கேட்கிறோம் என்று எண்ணியவர்களில் 85 விழுக்காட்டினர் அந்தத் திணறல் அடங்கும் முன்பே உதவி கேட்டு எழுந்து வந்தார்கள். தம்மோடு இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று எண்ணியவர்களில் வந்தவர்கள் 31 விழுக்காட்டினரே. கூட்டம் பெருகப் பெருக, ஒவ்வொருவருடைய பொறுப்பும் கரைந்துபோகிறது. 'யாராவது கூப்பிட்டிருப்பார்கள்' என்று எல்லாரும் நினைப்பதால் ஒருவரும் கூப்பிடுவதில்லை.

அதே டார்லி, டேனியல் பேட்சன் என்பவரோடு சேர்ந்து 1973-ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றோர் ஆய்வு, குருத்துவக் கல்லூரியில் படித்த எங்களைப் போன்றவர்களைச் சுடும். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குச் சென்று சிற்றுரை ஆற்றச் சொன்னார்கள். அவர்களில் ஒரு பாதியினருக்குக் கொடுத்த தலைப்பு, நல்ல சமாரியர் உவமை! போகும் வழியில் ஒருவர் குனிந்து இருமி முனகியபடி கிடக்குமாறு ஏற்பாடு செய்திருந்தார்கள். 'நேரமாகிவிட்டது, விரைந்து போங்கள்' என்று அனுப்பப்பட்டவர்களில் நின்று உதவியவர்கள் 10 விழுக்காடு. நேரம் இருக்கிறது என்று அறிந்து போனவர்களில் 63 விழுக்காடு. மனத்தில் எந்தத் தலைப்பு இருந்தது என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. உவமையை அறிந்திருப்பது வேறு, உவமையாக வாழ்வது வேறு.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் பாதை ஏறக்குறைய 27 கிலோமீட்டர் தூரம், ஆயிரம் மீட்டர் அளவுக்கு இறங்கிக்கொண்டே போகும் பாறைப் பாதை. குரு முதலில் வருகிறார். பின்னால் லேவியர் வருகிறார். முன்னே போன குருவைக் கண்டு, 'அவர் பார்த்திருப்பார், ஏதாவது செய்திருப்பார்' என்று லேவியர் எண்ணினாரோ என்னவோ! நற்செய்தி அதைச் சொல்லவில்லை. வாய்க்கால் கரையில் நின்ற எங்களுக்கு அப்படித் தோன்றுகிறது. சமாரியரும் 'பின்னால் வருகிறவர் பார்த்துக்கொள்வார்' என்று போயிருக்கலாம். போகவில்லை. அவர் மனமிரங்கினார் என்று வாசிக்கிறோமே, அதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. 'வயித்தைக் கலக்குதே' என்று நம் தாய்மார்கள் சொல்வார்களே, அதுதான். வயிறு கலங்கியதோடு அவர் நின்றுவிடவும் இல்லை. எண்ணெய் வார்த்தார், கட்டினார், தம் விலங்கின்மீது ஏற்றினார், சாவடிக்குக் கொண்டுபோனார். இன்று நம் பையில் இருக்கும் கைப்பேசி, காயப்பட்டவரை ஏற்றிச் செல்லும் அந்த விலங்கை அழைத்து வரும் கருவி. அதை வைத்துக்கொண்டு டார்ச் மட்டும் அடித்துவிட்டு நிற்பது, விலங்கைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பதற்குச் சமம்.

இன்றைய முதல் வாசகத்தில் மோசே இஸ்ரயேல் மக்களிடம், கடவுளின் கட்டளை வானத்துக்கு அப்பாலோ கடலுக்கு அப்பாலோ இல்லை, அது மிக அருகில், அவர்கள் வாயிலும் இதயத்திலும் இருக்கிறது என்கிறார். அருகில் இருப்பதைச் செய்யத்தான் நமக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்துக்கு நாம் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: "நமக்கு ஏன் வம்பு? போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும்." இது பழைய அச்சம். 2016 மார்ச் 30 அன்று, உதவி செய்கிறவர்களைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2020-இல் அதற்கான விதிகள் வந்தன. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மருத்துவமனையில் அவரைத் தடுத்து வைக்கவோ அவரிடம் பணம் கேட்கவோ கூடாது. அந்தச் சட்டம் இவருக்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'நல்ல சமாரியர்'. ஆண்டவர் சொன்ன கதையின் பெயர் நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அது நம் வாழ்க்கையில் இல்லாமல் போகலாமா?

செலவுக்கு அஞ்சுகிறவர்களும் உண்டு. சமாரியர் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். அது ஒரு கூலித் தொழிலாளியின் இரண்டு நாள் கூலி. நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் 2008-ஆம் ஆண்டு முதல் கட்டணமின்றி ஓடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கான செலவை, வரையறுக்கப்பட்ட அளவுக்குள், அரசே ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் அப்படியே. ஆகவே இரண்டு தெனாரியத்தையும் நம்மிடம் கேட்பதில்லை. நம்மிடம் கேட்பது ஓர் அழைப்பு மட்டுமே.

அந்த அழைப்பை எப்படிச் செய்வது? மறையுரையில் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று யாரும் எண்ண வேண்டாம். எண்ணெயையும் திராட்சை மதுவையும் ஊற்றிய விவரத்தை நற்செய்தி விடாமல் சொல்கிறதே.

முதலாவது, எண். காயம், நெஞ்சுவலி, பிரசவ வலி எதுவானாலும் 108. காவல், தீயணைப்பு, மருத்துவம் என எந்த ஆபத்துக்கும் 112. கடலில் தத்தளிப்பவருக்காகக் கடலோரக் காவல்படையை அழைக்க 1554. குழந்தைக்குத் துன்பம் என்றால் 1098. பதற்றத்தில் எதுவும் நினைவுக்கு வரவில்லையானால் 112 ஒன்று போதும். கைப்பேசி பூட்டியிருந்தாலும், கடவுச்சொல் தெரியாவிட்டாலும், திரையில் உள்ள அவசர அழைப்பு என்பதைத் தொட்டு இந்த எண்ணை அழைக்கலாம். விழுந்து கிடப்பவருடைய கைப்பேசியிலிருந்தும் அழைக்கலாம்.

இரண்டாவது, ஆள். முதலில் பார்த்தவரே அழைக்க வேண்டும். 'சொல்லியாச்சா?' என்று சத்தமாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் நீங்களே சொல்லுங்கள். இருவர் அழைத்துவிட்டாலும் நட்டமில்லை. உங்கள் கை காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால், கூட்டத்தைப் பார்த்து 'யாராவது கூப்பிடுங்க' என்று கத்த வேண்டாம். ஒருவரைப் பார்த்து, "நீலச் சட்டை தம்பி, நீங்க 108-க்குப் பேசுங்க, பேசிட்டு எங்கிட்ட வந்து சொல்லுங்க" என்று பொறுப்பை ஒப்படையுங்கள்.

மூன்றாவது, இடம். அழைப்பை எடுப்பவர் தொலைவில் ஒரு கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார். 'நம்ம பிள்ளையார் கோவில் பக்கம்' என்றால் அவருக்குத் தெரியாது. மாவட்டம், ஊர், சாலை, மைல்கல்லில் உள்ள எண், அருகில் உள்ள பள்ளி அல்லது பெட்ரோல் பங்க் என்று சொல்லுங்கள். பிறகு என்ன நடந்தது, எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். அவர்கள் போதும் என்று சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வழி கேட்டுத் திரும்ப அழைக்கலாம். ஆகவே அந்தப் போனில் உறவினரோடு பேசிக்கொண்டிருக்கக் கூடாது. ஒருவர் சாலை முனையில் நின்று வண்டிக்குக் கை காட்டட்டும்.

நான்காவது, காத்திருக்கும் நேரம். நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கழுத்திலோ முதுகிலோ அடி இருக்கலாம் என்பதால், தீயோ வாகனமோ வரும் ஆபத்து இருந்தாலன்றி, அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். வீடியோ எடுக்காதீர்கள். செய்தி போய்ச் சேரும் முன்பே படம் போய்ச் சேர்ந்தால், அதைப் பார்க்கும் தாயின் வயிறு என்ன பாடுபடும்! உங்கள் கைப்பேசி உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் பெயர், இரத்த வகை, வீட்டார் இருவரின் எண் ஆகியவற்றை எழுதி வையுங்கள். எல்லாருடைய அம்மாவும் சரியான நேரத்தில் கூப்பிட மாட்டார்கள்.

இதுவரை பிறருக்காக அழைப்பதைப் பற்றிப் பேசினோம். நமக்காக அழைப்பது இன்னும் கடினமாக இருக்கிறது. எங்கள் பங்கில் தனியாக வாழும் ஒரு பாட்டி, நள்ளிரவில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துபோனார். தவழ்ந்து வந்து கைப்பேசியையும் எடுத்துவிட்டார். ஆனால் காலையில் கோவில் மணி அடிக்கும்வரை ஒருவரையும் அழைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "புள்ளைங்க காலையில வேலைக்குப் போகணும் சாமி, தூக்கத்தைக் கெடுப்பானேன்" என்றார். தாய்மார்களே, தந்தையரே, பேதுரு தண்ணீரில் மூழ்கத் தொடங்கியதுமே அலறினார். கழுத்தளவு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பார்வையற்ற பர்த்திமேயுவைப் பேசாதிருக்கும்படி பலர் அதட்டினார்கள்; அவர் இன்னும் உரக்கக் கத்தினார். ஆண்டவர் நின்றார். உதவி கேட்பது பிறருக்குத் தொல்லை கொடுப்பதாகாது. அது அவர்களை நம்புவதாகும். பிள்ளைகளே, உங்கள் பெற்றோரிடம் இன்றே சொல்லுங்கள்: "எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கம்மா." வாழ்வதே பாரம் என்று தனியாக அழுதுகொண்டிருக்கும் அன்பரே, நீங்களும் கேளுங்கள். 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் உங்களிடம் பேச ஆள் இருக்கிறார். பங்கு இல்லத்துக் கதவையும் எந்த நேரமும் தட்டலாம்.

வருகிற ஆகஸ்டில் எங்கள் பாதயாத்திரை மீண்டும் புறப்படுகிறது. இந்த முறை பத்துப் பேருக்கு ஒருவர் வீதம் நான்கு பேரை அழைப்புப் பொறுப்பாளர்களாக நியமித்திருக்கிறோம். அவர்களில் முதல் பெயர் அந்தச் சிறுமியுடையது. இப்போது அவள் பத்தாம் வகுப்பு. இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறோம். ஒவ்வோர் ஊர்ப் பலகையைக் கடக்கும்போதும் முன்னே செல்பவர் அந்த ஊர்ப் பெயரை உரக்கச் சொல்வார். அந்த ஊர் மக்களுக்காக எல்லாரும் ஒருமுறை மங்கள வார்த்தை மன்றாட்டைச் சொல்வோம். அந்த ஊருக்கு ஆசீர் கிடைக்கும். எங்கே நிற்கிறோம் என்பதும் நமக்குத் தெரிந்திருக்கும்.

மன்றாடுவோம். அன்பின் ஆண்டவரே, குரல் கொடுப்போரின் குரலுக்கு நீர் ஒருபோதும் செவியை மூடிக்கொள்வதில்லை. விழுந்து கிடப்பவரைக் காணும்போது, 'யாராவது செய்திருப்பார்கள்' என்னும் சோதனையிலிருந்து எங்களை விடுவித்தருளும். எங்கள் கையில் நீர் தந்திருப்பதை எங்கள் அயலாருக்காகப் பயன்படுத்தக் கற்றுத்தாரும். இரவு பகலாக அழைப்புகளை எடுத்துப் பேசுவோரையும், ஆம்புலன்ஸ் ஊழியர்களையும், மருத்துவர்களையும், செவிலியர்களையும் ஆசீர்வதியும். எங்கள் தவறால் கால் இழந்து நடக்கும் அந்த இளைஞருக்கும் அவருடைய தாய்க்கும் துணையாயிரும். எங்களை மன்னித்து, அடுத்த முறை முதல் ஆளாக எழும் துணிவைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.